மாட்டுப்பட்டிப் பலகையில இருந்து பறந்த குருவிங்க

இலங்கை மலையகத்த வரைஞ்ச படம்னாலே ஒரே மாதிரித்தான் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீங்க. நுவரெலியாவுல, எல்லவுல, கண்டியில எந்த ஹோட்டல் வாசலுக்குப் போனாலும் செவத்துல ஒண்ணு தொங்கும். மேடும் பள்ளமுமா ஒரே பச்சை, நடுவுல செவப்பும் மஞ்சளுமா புள்ளி புள்ளியா கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, மூலையில ஒரு நீர்வீழ்ச்சி, தூரத்துல சிவனொளிபாதமலை. வரைஞ்சவங்க கைத்திறமைய நான் கொறை சொல்ல வரல. ஆனா அந்த மலைய எங்க நின்னு பார்த்து வரைஞ்சிருக்காங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பங்களா வாசல்ல நின்னு. உச்சியில தோட்டத்தப் பாக்கிற தொரை பங்களா இருக்கும், அங்கருந்து கீழ பார்த்தா மலை எப்படித் தெரியுமோ அப்படியே அந்தப் படத்துல தெரியும். தோட்டத்துல வேலை செய்யிற சனம் வரிசை வீடுகள்ல இருக்கிற லயத்து வாசல்ல நின்னா அப்படித் தெரியவே தெரியாது, மூஞ்சிக்கு நேரா ஒரு சரிவு, அதுல பாதி பனி மூடிக் கெடக்கும், மேல என்ன இருக்குன்னு ஏறிப் போனாத்தான் தெரியும்.

இத்தன வருசத்துல எங்க பக்கத்து மலைய உள்ளுக்க இருந்து பார்த்த படம்னு எனக்குத் தோணினது ஒண்ணுதான். அது என் தங்கச்சி வரைஞ்சது. தங்கச்சிங்கிறதுக்காக சொல்லல, வேற யாரு வரைஞ்சிருந்தாலும் இதே மாதிரி உக்காந்து எழுதியிருப்பேன்.

அவ ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சித்திரம் படிப்பிக்கிறா. மாமா வீட்டு மாட்டுப்பட்டிய பிரிச்சு தகரம் அடிச்சப்போ கழட்டிப் போட்ட பலகையில ஒண்ண, அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி தூக்கிட்டு வந்துட்டா. சைப்பிரஸ் பலகை, நாலடி நீளம் இருக்கும். வருசக்கணக்கா மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சு, மாடு முதுகத் தேச்சுத் தேச்சு, மரத்துல மெத்துன்னு இருந்த பகுதியெல்லாம் அரிச்சுப் போயி கெட்டியான ரேகை மட்டும் வரப்பு வரப்பா மேல எழும்பி நின்னுச்சு. கண்ண மூடிக்கிட்டு கையால தடவினாலே அந்தப் படம் பூரா தெரியும்.

தும்பு பிரஷ் போட்டு சாணியெல்லாம் கழுவி காயவச்சு, மேல பேப்பர விரிச்சு 6பி பென்சில படுக்கப் போட்டு தேச்சிருக்கா. சின்னப் புள்ளைங்க சல்லிக்காசு மேல பேப்பர் வச்சுத் தேய்ப்பாங்களே அந்த வேலைதான். ஆனா எல்லா எடத்துலயும் பென்சில் இல்ல, படத்தோட மேல்பக்கம் பூரா மெழுகுவர்த்தியால தேச்சிருக்கா. வெள்ளைப் பேப்பர்ல வெள்ளை மெழுகு, தேய்க்கிறப்போ ஒண்ணுமே வெளங்காது. அப்புறம் சாம்பல் கலர் வாட்டர்கலர தண்ணியா கரைச்சு ஒரே இழுப்பா இழுத்தா, மெழுகு பட்ட எடத்துல கலர் ஒட்டாது, ரேகையெல்லாம் வெள்ளை வெள்ளையா எழும்பி வரும். அந்த வெள்ளைதான் பனி. கார்த்திகை மாசம் காலங்காத்தால கொழுந்து மலைக்குப் போறவங்களக் கேட்டுப் பாருங்க, பனி மொத்தமா வராது, ஒரு அடுக்கு கீழ ஒரு அடுக்கு மேலன்னு நடுவுல இடைவெளி விட்டுத்தான் நகரும். அத பிரஷ்ஷால வரைய ட்ரை பண்ணி எத்தனையோ பேர் சொதப்பியிருக்காங்க, இங்க மெழுகும் மரமும் சேர்ந்து அதுபாட்டுக்கு செஞ்சு வச்சிருக்கு.

குருவிங்கதான் படத்தோட உயிர். நாப்பதுக்கு மேல இருக்கும். பக்கத்துல போயி பார்த்தாத்தான் அவ என்ன செஞ்சிருக்கான்னு பிடிபடும். ஒரு குருவியையும் அவ முழுசா வரையல. பலகையில ஒரு கணு இருந்து விழுந்துபோன ஓட்டை ஒண்ணு, நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமா. அதச் சுத்தி ரேகையெல்லாம் வளைஞ்சு பிரிஞ்சு திரும்ப ஒண்ணு சேருது. அப்படி வளையிற எடத்துல ரெண்டு ரேகை பக்கத்துல பக்கத்துல வந்து தாழ்ந்து ஏறும், அது அப்படியே விரிச்ச ரெக்கை. அந்த ரேகைய கொஞ்சம் அழுத்தி, நடுவுல உடம்புக்கு ஒரு சின்ன இழுப்பு, தொண்டையில பேர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்புக் கலர்ல ஒரே ஒரு புள்ளி. அவ்வளவுதான் அவ கை வேலை. மேல்வரிசையில இடப்பக்கம் இருந்து மூணாவது குருவிக்கு அந்த இழுப்பும் கெடையாது, வெயில்ல வெடிச்ச ஒரு கீறல்தான் உடம்பு, புள்ளி மட்டும் வச்சிருக்கா. நான் ரொம்ப நேரம் நின்னு பார்க்கிறது அதத்தான்.

ஓட்டை இருந்த எடம் பேப்பர்ல தேய்க்கிறப்போ வெறுமனே வெள்ளையா விழுந்துருச்சு. வேற யாரா இருந்தாலும் அங்க ஒரு சூரியன வச்சிருப்பாங்க, இல்லாட்டி நெலா. அவ தொடவே இல்ல. அம்மாயி வந்து பார்த்துட்டு, "ஏன்டி, நடுவுல ஓட்டைய விட்டுட்ட?"ன்னு கேட்டாங்க. "அது கொப்பு இருந்த எடம் அம்மாயி, மரம் விட்டுட்டுப் போனத நான் எப்படி மூடுறது"ன்னா. அம்மாயிக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்துச்சு, கொஞ்ச நேரம் தலைய ஆட்டிக்கிட்டே நின்னாங்க.

இந்த ரேகையெல்லாம் எப்படி வருதுன்னு மரம் அறுத்து விக்கிற மரக்காலையில வேலை செய்யிற மாமாகிட்ட கேட்டேன், அப்புறம் நானும் தேடிப் படிச்சேன், அத சொன்னாத்தான் இத ஏன் மலைப் படம்னு சொல்றேன்னு வெளங்கும். பட்டைக்குக் கீழ ஒரு மெல்லிய படலம் இருக்கு, மரம் பெருக்கிறது அங்கதான், வருசா வருசம் உள்பக்கமா புது மரத்த அடுக்கிக்கிட்டே வரும். சுறுசுறுப்பா வளர்ற காலத்துல வெளிர் நிறமா மெத்துன்னு, வளர்ச்சி அடங்கிற காலத்துல கருத்து கெட்டியா. நம்ம நாட்டுல குளிர்காலம் இல்லாததால நெறைய மரத்துல இந்த வளையம் தெளிவா விழாது, மேட்டு நாட்டு சைப்பிரஸ்ல ஓரளவுக்கு நல்லாவே தெரியும். மரம் நேரா நின்னா வளையம் சுத்திவர ஒரே அகலம். சரிவுல சாஞ்சு நின்னா, சைப்பிரஸ், பைன் மாதிரி மரங்க கீழ்ப்பக்கத்துல அதிகமா மரத்தப் போட்டு தன்னைத்தானே மேல தள்ளி நிமிர்த்தப் பார்க்கும், அந்தப் பக்கம் வளையம் அகலமா, செவந்து, கெட்டியா இருக்கும். அகன்ற இலை மரங்க இதுக்கு நேர்மாறு, மேல்பக்கம் கெட்டியான நார் போட்டு இழுத்துப் பிடிக்கும். தங்கச்சி பலகையில ஒரு ஓரத்துல ரேகை நெருக்கமா, மறு ஓரத்துல விரிஞ்சு செவந்து இருக்கு. மாமா அத பார்த்த ஒடனே, "இது காத்தடிக்கிற மேட்டுல சாஞ்சு நின்ன மரம்"னு சொல்லிட்டாரு. கணுவும் அப்படித்தான், ஒரு கொப்ப சுத்தி மரம் வளர்ந்த கதை. கொப்பு உசிரோட இருந்தா நாரெல்லாம் அதுக்குள்ள ஓடி கணு இறுக்கமா இருக்கும், செத்த கொப்ப சுத்தி மரம் மூடிக்கிட்டா கணு ஒட்டாது, பலகை காஞ்சதும் கழண்டு விழுந்துரும். அந்த வெள்ளை ஓட்டை அப்படி வந்ததுதான்.

ஆக அந்தப் பலகையில இருக்கிற ஒவ்வொரு வளைவும் ஒரு சரிவ, ஒரு காத்த, ஒரு முறிஞ்ச கொப்ப எழுதி வச்சிருக்கு. மலை தன்னோட கையெழுத்துல தானே எழுதினது. தங்கச்சி செஞ்சது அத வாசிச்சது.

இன்னொண்ணு. காசல்ரீ நீர்த்தேக்கத்த வறட்சி காலத்துல பார்த்திருக்கீங்களா? தண்ணி எறங்க எறங்க கரையில ஒரு கோடு விழும், இன்னும் எறங்கினா அதுக்குக் கீழ இன்னொரு கோடு, மண்ணு செவப்பும் பழுப்புமா கோடு கோடா மலை இடுக்குக்குள்ளயெல்லாம் வளைஞ்சு போகும். மவுசாகலையிலயும் அப்படித்தான். அது 1969ல கட்டினது, பழைய மஸ்கெலியா டவுனே அதுக்குள்ளதான் கெடக்கு, தண்ணி நல்லா வத்தினா பழைய கோயில் கட்டடம் வெளிய தெரியும், சனம் போயி கும்பிட்டுட்டு வரும். அந்தக் கரைக் கோட்டையும் இந்தப் பலகைய நீளவாக்குல அறுத்த ரேகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எது எதுன்னு சொல்ல முடியாது. வீபி தேயில, அதாவது கொப்பு வெட்டி முளைக்க வச்சு நட்ட தேயில, வச்ச மலையில வரிசை மட்டத்துக்கு வளைஞ்சு போறதும் அதே வடிவம்தான். மலை வடிவத்த எது தொட்டு ஓடினாலும், தண்ணியோ தேயிலையோ நாரோ, வளைஞ்சுதான் ஓடணும். அதனால படத்துல கீழ்ப்பாதிய அவ பச்சையாக்காம பழுப்பாவே விட்டதுதான் சரி. பார்க்கிறவங்க சிலபேர் அத தண்ணின்னாங்க, சிலபேர் தேயிலை மலைன்னாங்க, ரெண்டுமே உண்மை.

மரத்த தேச்சு படம் எடுக்கிறது அவ கண்டுபிடிச்சதில்ல, அவளே சொல்லுவா. மாக்ஸ் ஏர்ன்ஸ்ட்னு ஜெர்மன் ஓவியர், 1925 ஆகஸ்ட்ல பிரான்ஸ் கடற்கரையில போர்னிக்ங்கிற ஊர்ல ஒரு சத்திரத்துல தங்கியிருந்தப்போ, கழுவிக் கழுவித் தேஞ்ச தரைப்பலகையோட ரேகையவே பார்த்துக்கிட்டு இருந்து, பேப்பர போட்டு பென்சிலால தேச்சுப் பார்த்தாரு. அதுல இருந்துதான் அவரோட காடும் பறவையும் நெறைய வந்துச்சு. தேஞ்ச தரைப்பலகைங்கிறது முக்கியம், புதுசா சீவின பலகையில இது வராது, யாராவது கால் பட்டு, தண்ணி பட்டு, முதுகு பட்டு தேஞ்சிருக்கணும். அவருக்கு அந்தச் சத்திரத்துக்கு வந்துபோன சனம் செஞ்ச வேலைய எங்களுக்கு மாமா வீட்டு மாடு செஞ்சு குடுத்துச்சு.

நம்ம ஊர்லயே மரத்துல பறவை பார்க்கணும்னா கண்டிக்குப் பக்கத்துல எம்பக்க தேவாலயத்துக்குப் போகணும். கம்பளை ராஜா காலத்துல, 14ஆம் நூற்றாண்டுல கட்டினது, கதிர்காம முருகனுக்கு. தூண்ல எல்லாம் செதுக்கல் வேலை, கழுத்த பின்னிக்கிட்ட ரெண்டு அன்னம், ரெட்டைத்தலைப் பறவை எல்லாம் இருக்கு. கையெடுத்துக் கும்பிடுற மாதிரியான வேலை. ஆனா அங்க ஆசாரி மனசுல இருந்த அன்னத்த மரத்துக்குள்ள கொண்டுபோயி வச்சாரு. இங்க மரத்துக்குள்ள இருந்தத வெளிய கூட்டிட்டு வந்திருக்கு. எனக்கு ரெண்டும் வேணும், ஆனா எங்க சரிவுல நின்ன மரம்னா ரெண்டாவது வழிதான் அதுக்கு மரியாதை.

எங்களுக்கு இந்தக் கண்ணு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, தேயிலைப் பெட்டிதான். இப்ப தேயிலை பேப்பர் சாக்குல போகுது, அப்ப பிளைவுட் பெட்டி, ஓரத்துல தகரப்பட்டி அடிச்சு, உள்ளுக்க ஈயத்தாள் ஒட்டி. லயத்துல பழைய பெட்டி இல்லாத வீடே கெடையாது. உடுப்பு வைக்க, அரிசி வைக்க, பிரிச்சு அடிச்சு காம்பராவ, அதான் லயத்து அறைய, ரெண்டா மறைக்க. நாங்க தூங்கின மறைப்பு பூரா பெட்டிப் பலகை. பிளைவுட்டுக்கு மரத்த குறுக்கயோ நெடுக்கயோ அறுக்கிறதில்ல, உருட்டுக் கட்டைய சுத்தவிட்டு கத்திய வச்சு பென்சில் சீவுற மாதிரி சுருள் சுருளா உரிச்சு எடுப்பாங்க. அதனால ரேகை சாதாரண பலகை மாதிரி ஒடுங்கி இருக்காது, பெரிசு பெரிசா அலை அடிச்சுக்கிட்டு, தீவு தீவா விரிஞ்சு இருக்கும். கரண்ட் இல்லாத ராத்திரியில குப்பி லாம்பு வெளிச்சத்துல அத பார்த்துக்கிட்டே படுத்திருப்போம், எனக்கு அதுல எப்பவும் ஆளுங்க மூஞ்சிதான் தெரியும், அவளுக்கு அப்பவே ரெக்கை. "அண்ணே அந்தா பாரு, அது பறக்குது"ம்பா. அச்சடிச்ச தோட்டத்துப் பேர் எழுத்து மேலயே ஒரு பருந்து இருக்குன்னு சண்டை புடிப்பா.

குருவிக் கூட்டம் பறக்கிறதும் மரம் வளர்றதும் ஒண்ணுக்கொண்ணு இவ்வளவு பொருந்துறது சும்மா கண்ணு மயக்கமான்னு யோசிச்சிருக்கேன். 2008ல ரோம் நகரத்துல ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்த பல கோணத்துல போட்டோ எடுத்து ஆராய்ஞ்சாங்க. ஆயிரக்கணக்குல பறந்தாலும் ஒவ்வொரு பறவையும் பக்கத்துல இருக்கிற ஆறு ஏழு பறவையத்தான் கவனிக்குதாம், தலைவன்னு யாரும் இல்ல. மரத்துல நாரும் அப்படித்தானே, முழு மரத்தோட வடிவம் எந்த நாருக்கும் தெரியாது, பக்கத்து நாரோட ஒட்டி ஓடுது, குறுக்க கணு வந்தா பிரிஞ்சு சுத்திப் போயி திரும்ப சேருது. படத்துல இருக்கிற குருவி தகைவிலான், அது அவ்வளவு நெருக்கமா பறக்காது, அது பூச்சிய தொரத்திக்கிட்டு தனித்தனியா வளைஞ்சு வளைஞ்சு போற ஆளு. இருந்தாலும் ஒரு மேட்ட தாண்டுறப்போ எல்லாம் ஒரே வளைவுல தாழ்ந்து ஏறும். படத்துல அது அச்சு அசலா இருக்கு.

இனி நான் ஒத்துக்காத ஒரு விசயம். படத்த பார்க்கிற முக்காவாசிப் பேர், நம்ம ஆளுங்கதான், "அப்பிடியே நம்ம சனம் ஊர விட்டுப் போற மாதிரியே இருக்கு"ன்னு சொல்றாங்க. ஏன் அப்படித் தோணுதுன்னு எனக்குத் தெரியும். 1948ல எங்க சனத்துக்குக் குடியுரிமை போச்சு, இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 ஒப்பந்தத்துல 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கன்னு ஆளக் கேக்காம எண்ணிப் பிரிச்சாங்க, எங்க வீட்டுலயும் பெரியப்பா குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறினதுதான், அம்மாயி இன்னைக்கும் அத பேச ஆரம்பிச்சா குரல் மாறிரும். அந்த வலி படத்துக்குள்ள தெரியுதுன்னா தெரியட்டும். ஆனா குருவிய நல்லா பாருங்க. வாலு குட்டை. வெளிநாட்டுல இருந்து வந்துபோற தகைவிலானுக்கு வால் ஓரம் கம்பி மாதிரி நீண்டிருக்கும், நெஞ்சுல கறுப்புப் பட்டை ஒண்ணு ஓடும், அது செப்டம்பர் ஒக்டோபர்ல வந்து ஏப்ரலுக்குள்ள போயிரும். இவங்களுக்கு அந்தப் பட்டை கெடையாது, தொண்டை செவப்பு, வால் குட்டை. இது மலைத் தகைவிலான். தென்னிந்தியா மலையிலயும் நம்ம மலையிலயும் வருசம் பூரா இருக்கிற இனம், பேக்டரி தாழ்வாரத்துலயும் வீட்டு எறவாணத்துலயும் மண்ண உருட்டி உருட்டி ஒட்டி கிண்ணம் மாதிரி கூடு கட்டி, உள்ளுக்க எறகு போட்டு குஞ்சு பொரிக்கும். தங்கச்சி வேணும்னுதான் குட்டை வால் வச்சா, நான் கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டேன். "இவங்க எங்கயும் போகலண்ணே, சாயங்காலம் தீனி தின்னுட்டு கூட்டுக்கு வாராங்க"ன்னு சொன்னா. 200 வருசத்துக்கு முன்னாடி கோப்பித் தோட்டத்துக்கு வந்த சனம் நாங்க, தேயிலை அதுக்கப்புறம்தான் வந்துச்சு, இந்தச் சைப்பிரஸும் எங்கயோ இருந்து கொண்டுவந்து நட்டதுதான். எல்லாம் இப்ப இங்கத்ததுதான். எங்களப் பத்தின எல்லாப் படத்தையும் போற படமாவே பார்க்கிற பழக்கம் எப்ப போகுமோ தெரியல, எனக்கு அதுல கோவமே வரும்.

கொறைன்னு சொன்னா, இடப்பக்கம் கீழ் மூலையில கொஞ்சம் நீலம் போட்டிருக்கா, அது எனக்கு ஒட்டவே இல்ல. மத்த எல்லா எடத்துலயும் ரேகை பேசுது, அங்க மட்டும் பெயின்ட் பேசுது. அவகிட்ட சொன்னதுக்கு, அந்த எடத்துல பலகை உளுத்துப் போயிருந்துச்சு, தேய்க்க ஒண்ணும் கெடைக்கலன்னா. அப்ப உளுத்ததாவே விட்டிருக்கலாம்னுதான் இப்பவும் நெனைக்கிறேன்.

ஒரு ஹோட்டல்காரர் வந்து நல்ல வெலைக்கு கேட்டாரு. ஒரே ஒரு கண்டிசன், கீழ கொழுந்துக் கூடையோட ஒரு பொம்பளைய வரைஞ்சு குடுக்கணுமாம், இல்லாட்டி வர்றவங்களுக்கு இது எந்த ஊர்னு தெரியாதாம். அம்மா முப்பது வருசத்துக்கு மேல அந்தக் கூடைய தலையில மாட்டினவங்க, அவங்கதான் உள்ளுக்க இருந்து வந்து, "அது வேணாங்கய்யா, படம் இப்படியே இருக்கட்டும்"னு சொல்லி தேத்தண்ணி குடுத்து அனுப்பினாங்க. படம் இப்ப அவ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்து லைப்ரரி செவத்துல இருக்கு. புள்ளைங்க கை எட்டுற ஒயரத்துலதான் மாட்டியிருக்கா, பக்கத்துலயே அந்தப் பலகையையும் சாத்தி வச்சிருக்கா, தடவிப் பார்க்க.

அடுத்ததா பெட்டிப் பலகையில செய்யணும்னு தேடிக்கிட்டு இருக்கா. எங்க வீட்டு மறைப்ப எப்பவோ கழட்டி எரிச்சாச்சு. ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலை பக்கம் யாரு வீட்டுலயாவது பழைய தேயிலைப் பெட்டி, ஒடைஞ்சதா இருந்தாலும் சரி, எழுத்து அழிஞ்சதா இருந்தாலும் சரி, பரண்ல கெடந்தா அடுப்புக்குப் போட்டுறாம ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க, நானே வந்து எடுத்துக்கிறேன். பெயின்ட் அடிச்சது மட்டும் வேணாம், தேய்க்கிறப்போ ரேகை விழாது.